கொழும்பில் முதன்முறையாகக் கவுன்சிலிங் போகிறவர்களுக்கு

நமக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. வேலை போனால் மாமா ஒரு வழி சொல்வார். கல்யாணம் குழம்பினால் பெரியம்மா ஒரு வழி சொல்வார். ஒன்றும் சரிவராவிட்டால் சாத்திரியார் ஏழரைச் சனியைக் கணக்குப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் நம் முடிவில் ஒரு பங்கு இருக்கிறது. மகன் கனடாவுக்குப் போவதா, இங்கேயே நிற்பதா என்ற பேச்சில் அம்மாவுக்கு ஓர் ஆசையும் ஒரு பயமும் இருக்கத்தான் செய்யும். அவருக்கு முன்னால் மகன் மனம்விட்டு யோசிக்க முடியாது. நம் வாழ்க்கையில் எந்தப் பங்கும் இல்லாத, ஆனால் முழுக் கவனத்தையும் தருகிற ஒருவரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்க நமக்கு இடம் கிடைப்பதில்லை. பேச்சுவழிச் சிகிச்சை தருவது அந்த இடத்தைத்தான். அரசாங்கக் கடிதங்களில் அதற்கு உளவளத்துணை என்று பெயர், நம் வாயில் கவுன்சிலிங்.

இதுவரை அந்தப் பக்கமே போகாத, தமிழில் பேசி ஆறுதலடைய விரும்புகிற, கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன அழுத்தமும் வாழ்க்கை மாற்றங்களும்தான் இங்கே பேச்சு. கடுமையான மனநோய்களுக்கான மருத்துவம் தனி விஷயம்.

இதற்கெல்லாம் போகவேண்டுமா?

பலரைத் தடுப்பது இந்தக் கேள்விதான். கொழும்பில் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகப் பழக்கி வைத்திருக்கிறோம். அதனால் மனதைப் பற்றி யாரிடமாவது பேசப் போவதென்றாலே, ‘எனக்கென்ன விசரா?’ என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. கவுன்சிலிங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே உள்ளே களைத்துப் போனவர்கள்.

1967இல் தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்குப் புள்ளி போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மொத்தம் 43 நிகழ்வுகள். வாழ்க்கைத் துணையின் இழப்புக்கு 100, விவாகரத்துக்கு 73, வேலை இழப்புக்கு 47, ஓய்வு பெறுவதற்கு 45, மகனோ மகளோ வீட்டைவிட்டுப் போவதற்கு 29, வீடு மாறுவதற்கு 20. அதே பட்டியலில் கல்யாணத்துக்கு 50 புள்ளி! வேலை போவதைவிட அதிகம். அந்தப் புள்ளிகளைக் கூட்டி யாருடைய எதிர்காலத்தையும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது: நல்ல மாற்றமும் பாரம்தான். மகளுக்கு லண்டனில் நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்த பிறகு அம்மா ஏன் இரவில் தூங்காமல் இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் விளங்காது. அவருக்கே விளங்காது. சந்தோஷமாக இருக்கவேண்டிய நேரத்தில் இப்படி இருக்கிறேனே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு, வேலையில் கவனம் ஆகியவற்றில் ஏதாவது குழம்பியிருந்தால் போகலாம். ஒரே யோசனை சுற்றிச் சுற்றி வந்து முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் நின்றாலும், வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாலும், முன்பு சனிக்கிழமை மட்டும் குடித்தவர் இப்போது கிழமை நாளிலும் குடித்தாலும் போகலாம். உடைந்து விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் தெம்பு இருக்கும்போது போகிறவர்களுக்குத்தான் வேலை சுலபம்.

எல்லாத் துக்கத்துக்கும் கவுன்சிலிங் வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஒருவரை இழந்தால் அழுவது இயல்பு. செத்தவீட்டுக்கு வருகிற சனம், எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று நம் வழக்கமே ஒரு தாங்குகோல். சிக்கல் பெரும்பாலும் முப்பத்தொன்று முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு வரும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாடம் நகராமல் அதே இடத்தில் நின்றால் அப்போது உதவி தேடுங்கள்.

இப்போதே தாங்க முடியவில்லை என்றால்

செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் இந்தக் கட்டுரையின் மற்றப் படிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண். 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று சொல்லலாம். 1333 இலவசமாக அழைக்கக்கூடிய இன்னொரு எண். ஹோர்ட்டன் பிளேசில் இருக்கும் சுமித்ரயோ 1974இல் தொடங்கிய தொண்டு அமைப்பு. அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்கள் காசு வாங்காமல், பெயர் கேட்டுத் துருவாமல் காது கொடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அல்லது நேரே கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரி.

பொலிஸ் வந்துவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் கொண்டுபோங்கள்.

முதலில் உடம்பு

நம்மவர்களுக்கு மனப்பாரம் பெரும்பாலும் உடம்பில்தான் முதலில் தெரியும். நெஞ்சு அடைக்கிறது, தலைக்குள் இறுக்கம், வயிற்றில் எரிவு, கை கால் விறைப்பு. ஈசிஜி எடுத்தால் சுத்தம். அடுத்த டொக்டரைச் சனல் பண்ணுவார்கள், அவரும் ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லை என்றால் நோவு பொய் என்று அர்த்தமில்லை. நோவு உண்மைதான், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆனாலும் உடம்பைப் பார்க்காமல் நேரே மனதுக்குப் போகாதீர்கள். தைரொய்ட் குறைந்தாலும் கூடினாலும், இரும்புச்சத்துக் குறைந்தாலும், சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் களைப்பு, படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் வரும். வழக்கமாகப் போகும் குடும்ப டொக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்படியே அவரிடம், ‘கொஞ்ச நாளாக மனசும் சரியில்லை’ என்று ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள். யாரிடம் போகலாம் என்று நல்ல பெயர் ஒன்று பல பேருக்கு அந்த மேசையில்தான் கிடைத்திருக்கிறது.

யார் யார், யாரிடம் போவது

உளமருத்துவர் எம்பிபிஎஸ் படித்து அதற்குமேல் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற டொக்டர். மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் மனநலப் பிரச்சினைகளை மதிப்பிட்டு, பேச்சுவழியாகச் சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றவர். அவர் மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் என்பவர் அன்றாடச் சிக்கல்கள், குடும்பம், இழப்பு, மாற்றம் போன்றவற்றில் துணை நிற்பவர். இந்தக் கடைசி வகையில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். பல வருடம் படித்து, மேற்பார்வையில் வேலை செய்த அருமையானவர்களும் இருக்கிறார்கள், இரண்டு வார இறுதி வகுப்போடு போர்ட் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பட்டம் எங்கே, பயிற்சி எத்தனை வருடம், இப்போது யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

வேலை அழுத்தம், பிரிவு, இடமாற்றம், ஓய்வு, பிள்ளைகள் வெளிநாடு போன தனிமை என்றால் உளவளத்துணையாளரோ உளவியலாளரோ போதும். பல நாளாகப் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, பல நாள் தூக்கமே இல்லாமல் அளவுக்குமீறிய உற்சாகம் என்றால் உளமருத்துவர்தான் முதலில். மருந்தும் பேச்சும் ஒன்றாகப் போகலாம். ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் கவுன்சிலிங் தொடங்கிவிட்டோமே என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. கோயிலுக்குப் போவதையோ நேர்த்தி வைப்பதையோ நிறுத்தத் தேவையில்லை. மதம் மாறச் சொல்லியோ உங்கள் வழிபாட்டை இழிவாகப் பேசியோ யாராவது கவுன்சிலிங் செய்தால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

கொழும்பில் எங்கே தேடுவது

காசில்லாத வழியை முதலில் சொல்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குகள் இலவசம். கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை கிட்ட. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி. கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும், ஒருவருக்கு நீண்ட நேரம் ஒதுக்குவது அங்கே கஷ்டம். ஆனால் பிரச்சினையைச் சரியாக இனம்காண்பதற்கு அதைவிட நம்பகமான இடம் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி பிரதேச செயலகம். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் ஏறி இறங்குகிற அதே கட்டடத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். போவதற்கு முன் போன் பண்ணி, தமிழ் பேசும் உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று வாழும் பெண்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் தனிப் பிரிவு உண்டு. சிங்களத்தில் மித்துரு பியச. 1938 பெண்களுக்கான அரச உதவி எண். விமன் இன் நீட் என்ற அமைப்பும் 1987இலிருந்து இதற்காகவே வேலை செய்கிறது.

தனியார் என்றால் பெரிய ஆஸ்பத்திரிகளில் டொக்டரைச் சனல் பண்ணுவதுபோலவே உளவியலாளரையும் சனல் பண்ணலாம். தனியாக அறை வைத்து நடத்துபவர்களும் நிறையப் பேர். கட்டணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். முழுக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் குறைத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

தமிழில் செய்பவர்கள் கொழும்பில் குறைவு என்பது உண்மை. அதற்காக ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். அலுவலக விஷயத்தை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கும் அப்பாவோடு கடைசியாகப் போட்ட சண்டையைத் தமிழில்தான் சொல்ல வரும். கொழும்பில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவரோடு வீடியோவில் பேசலாம். நம் சமூகம் சின்னது, வெள்ளவத்தையில் ஒரு சந்தியில் நின்றால் மூன்று சொந்தக்காரரைச் சந்திக்கலாம் என்பவர்களுக்கும் இது நல்ல வழி. தெரிந்தவர், சொந்தக்காரர், அப்பாவின் நண்பர் என்று யாரிடமும் கவுன்சிலிங் போகாதீர்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். பங்கு இல்லாத ஆள் வேண்டும் என்பதுதானே இதன் அடிப்படை.

போன் பண்ணும்போது

என்ன சொல்வதென்று தெரியாமலேயே பலர் போனை வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு சொன்னால் போதும்: ‘வணக்கம். முதல் தடவை கவுன்சிலிங் எடுக்க விரும்புகிறேன். ஆறு மாதத்துக்கு முதல் வேலையை விட்டேன், அதிலிருந்து தூக்கமில்லை. தமிழில் பேசலாமா? ஒரு தடவைக்கு எவ்வளவு? எவ்வளவு நேரம்?’ முழுக் கதையும் போனில் வேண்டாம். வரமுடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் அறிவிக்கவேண்டும், அறிவிக்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நேரம் எடுக்கும்போது ஒரு சின்ன யோசனை. கவுன்சிலிங் முடிந்த உடனேயே அலுவலகக் கூட்டத்துக்கு ஓடும்படி வைக்காதீர்கள். பேசி முடிந்ததும் மனம் கலங்கித்தான் இருக்கும். ஒரு அரை மணி நேரம் கையில் வைத்திருங்கள், ஒரு பிளேன்டீ குடிக்கவாவது. காலி வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு மாட்டிக்கொண்டு பதற்றத்தோடு போய்ச் சேருவதும் நல்லதல்ல.

வீடியோவில் என்றால் இடம்தான் பெரிய கேள்வி. இரண்டு அறை ஃபிளாட்டில் ஐந்து பேர் இருக்கும்போது எங்கே போய் மனம்விட்டுப் பேசுவது? நிறுத்தி வைத்த காருக்குள் இருந்து பேசுகிறார்கள், மொட்டைமாடியில் பேசுகிறார்கள், வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஃபேனையோ ரேடியோவையோ போட்டுவிட்டு, காதில் இயர்போன் போட்டுப் பேசலாம். நேரில் பேசுவதா வீடியோவா என்று கேட்டால், வீட்டில் தனிமை கிடைக்காதவர்களுக்கு நேரில்தான் நல்லது என்பேன்.

முதல் நாள்

போவதற்கு முதல்நாள் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். எப்போதிருந்து, அன்றாடத்தில் எது குழம்பியிருக்கிறது, இது சரியானால் என்ன வித்தியாசம் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம். ‘நிம்மதி வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘இரவு பதினொன்றுக்குப் படுத்தால் ஐந்து மணிவரை தூங்கவேண்டும்’, ‘அண்ணாவோடு காணி விஷயத்தைக் கத்தாமல் பேசவேண்டும்’ என்று எழுதுங்கள்.

பெரும்பாலும் ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். முதல் தடவை அவர்தான் அதிகம் கேட்பார்: வீடு, வேலை, தூக்கம், உடல்நலம், பழைய வருத்தங்கள். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைத் தந்து, கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று குறிக்கச் சொல்லலாம். மொத்தம் 27 புள்ளிக்கு மனச்சோர்வை அளக்கும் கருவி அது. பரீட்சை இல்லை. பிறகு அதையே திரும்ப நிரப்பி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். சாக நினைத்தது உண்டா என்றும் நேரடியாகக் கேட்பார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது, பயப்படவேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள்.

இரகசியம் பற்றி அவரே பேச்செடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாது, ஆனால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. குறிப்பு எழுதுகிறாரா, எங்கே வைக்கிறார் என்றும் கேட்கலாம்.

போர்க்காலத்தில் நடந்ததை, காணாமல் போனவர்களைப் பற்றியதை எல்லாம் முதல் நாளே கொட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தயாராக இல்லாதவரை ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது நன்மை தராது என்று உலகம் முழுக்க இன்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ‘அதைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அழுகை வந்தால் அழுங்கள். டிஷ்யூப் பெட்டி அங்கே அதற்காகத்தான் இருக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது

பேசினால் மட்டும் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு கணித ரீச்சர். கணவர் இல்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அம்மா தனிய இருக்கக்கூடாது என்று வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் ஒரு ஃபிளாட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தங்கையின் மகள் வற்புறுத்தியதால் வந்திருக்கிறார்.

‘பிள்ளைகள் நல்லா இருக்கினம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பொழுதுதான் போகுதில்லை.’

‘எந்த நேரம் போகுதில்லை, ரீச்சர்?’

‘எந்த நேரமெண்டு... பின்னேரம்தான். ஒரு நாலரை, அஞ்சு மணி.’

‘ஊரில இருக்கேக்க அந்த நேரம் என்ன செய்வீங்கள்?’

‘ரியூசனுக்குப் பிள்ளைகள் வருவினம். விறாந்தையில பாய் போட்டு...’

அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. கவுன்சிலர் இடையில் புகுந்து ஆறுதல் சொல்லவில்லை, கோயில் பஜனைக்குப் போங்களேன் என்று வழி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எத்தனை பிள்ளைகள் வருவினம்?’ என்று மட்டும் கேட்கிறார்.

சொந்தக்காரர் எல்லோரும் இவருக்குப் பொழுதுபோக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். டிவி வாங்கிக் கொடுத்தார்கள், யூடியூப் பழக்கினார்கள். அவர் இழந்ததோ பொழுதுபோக்கை அல்ல, யாருக்கோ தேவைப்படுகிற ஆளாக இருந்த நிலையை. எந்த நேரம் என்ற ஒரு கேள்வியில் அது வெளியே வந்தது. இதைத்தான் பேச்சு செய்கிறது. மொத்தமாகக் கிடக்கிற பாரத்தில் எது எந்த இடத்தில் அழுத்துகிறது என்று கண்டுபிடிக்கிறது.

வாழ்க்கை மாற்றங்களுக்கென்றே நன்றாகப் பொருந்துகிற ஒரு முறை இருக்கிறது. உறவுவழிச் சிகிச்சை என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் உருவாக்கியது, வழக்கமாக 12இலிருந்து 16 வாரம். இழப்பு, உறவில் பிணக்கு, நிலைமாற்றம், தனிமை என்ற நான்கில் எது இப்போது உங்களை வருத்துகிறது என்று பார்த்து அதிலேயே வேலை செய்வார்கள். நிலைமாற்றம் என்றால் பழைய நிலையில் நல்லது என்ன இருந்தது, சலிப்பு என்ன இருந்தது என்று இரண்டையும் பேசுவார்கள். போனதெல்லாம் பொன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் புதியதில் கால் ஊன்றாது. ரீச்சரின் கதையில், மூன்றாம் மாடியில் ஓ/எல் எடுக்கிற பிள்ளை ஒன்று இருப்பதும், லிஃப்டில் பார்த்தும் பேசாமல் இருந்ததும் ஐந்தாவது தடவைப் பேச்சில் அவர் வாயிலிருந்தே வரலாம். கவுன்சிலர் முதல் நாளே, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பியுங்கோ’ என்று சொல்லியிருந்தால் அது இன்னொரு அறிவுரையாகப் போயிருக்கும்.

அதிகம் கேள்விப்படுகிற இன்னொரு முறை, எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துப் பார்ப்பது. 1960களில் ஏரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தொடங்கியது. இது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நிறைய ஆய்வு செய்யப்பட்ட முறை. மனேஜர் இரவு எட்டு மணிக்கு, ‘நாளைக்கு வந்து என்னைச் சந்திக்கவும்’ என்று வட்ஸ்அப் போடுகிறார். உடனே வேலை போகப்போகிறது, வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு என்று மனம் ஓடும், இரவு தூக்கம் போய்விடும். அடுத்த நாள் லீவு போட்டுவிடத் தோன்றும். கவுன்சிலரோடு இதைத் தாளில் பிரித்து எழுதுவீர்கள்: நடந்தது என்ன, மனதில் வந்த எண்ணம் என்ன, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன செய்தேன். பிறகு அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இதற்கு முன் எத்தனை தடவை இப்படிக் கூப்பிட்டார், என்ன நடந்தது. ‘நல்லதையே நினை’ என்று சொல்வது இதுவல்ல. வேலை உண்மையிலேயே ஆட்டம் கண்டிருந்தால் அதையும் நேரே பார்த்து என்ன செய்யலாம் என்று திட்டம் போடுவார்கள். இந்த முறையில் வீட்டுப்பாடம் உண்டு. தவிர்த்து வந்த ஒன்றைச் செய்து பார்ப்பது, தூங்கும் நேரத்தை எழுதுவது, யோசனைக்கென்று பின்னேரம் இருபது நிமிடம் ஒதுக்கிவிட்டு மற்ற நேரத்தில் வருவதை அதற்குத் தள்ளிவைப்பது இப்படி. வீட்டுப்பாடம் செய்பவர்களுக்குப் பலன் அதிகம்.

பேசுவதே மூளையில் கொஞ்சம் மாற்றம் செய்கிறது. 2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ லீபர்மன் குழு செய்த ஸ்கேன் ஆய்வில், கோபம், பயம் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அபாயமணி அடிக்கும் பகுதியின் வேகம் குறைந்தது தெரிந்தது. ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதோடு நிற்கும் நமக்கு, இது கோபம், இது அவமானம், இது ஏக்கம் என்று பிரித்துச் சொல்லப் பழகுவதே பாதி வேலை.

எத்தனை தடவை, சரிவராவிட்டால் என்ன

அழுத்தம், மாற்றம் போன்றவற்றுக்கு ஆறிலிருந்து இருபது தடவை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கொஞ்சம் கூடக் கலங்கிப்போனதுபோல இருக்கும். மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான்.

நான்காவது தடவை முடிந்ததும் நின்று பாருங்கள். கவுன்சிலரும் வருபவரும் கூட்டாக வேலை செய்ய மூன்று விஷயங்கள் வேண்டும் என்று எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. எந்த முறை என்பதைவிட இந்தக் கூட்டு எப்படி இருக்கிறது என்பதோடுதான் பலன் தொடர்ந்து சேர்ந்து வருகிறது என்று அதற்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மனம் ஒட்டவில்லை என்றால் அது சின்ன விஷயமல்ல. முதலில் அவரிடமே சொல்லுங்கள், ‘நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தவில்லைபோல இருக்கிறது’ என்று. நம் பழக்கத்தில் டொக்டர் மாதிரி ஒருவரிடம் இப்படிச் சொல்வது கஷ்டம், தெரியும். ஆனால் நல்லவர் அதைக் கேட்டு மாற்றிக்கொள்வார், அல்லது இன்னொருவரிடம் அனுப்புவார்.

சில விஷயங்களுக்குப் பொறுமையே வேண்டாம். உங்கள் கதையை உங்கள் சொந்தக்காரரிடம் சொல்வது, இன்னொருவரின் கதையைப் பெயரோடு உங்களிடம் சொல்வது, கணவர் அடிக்கும் பெண்ணிடம் பொறுத்துப் போகச் சொல்வது, சாதி, மதம், சீதனம் பற்றித் தீர்ப்புச் சொல்வது, தொட்டுப் பேசுவது, வெளியே சந்திக்கக் கூப்பிடுவது, இத்தனை நாளில் குணமாக்குவேன் என்று உறுதி கொடுப்பது. இதில் ஒன்று நடந்தாலும் அடுத்த தடவை போகவேண்டாம்.

வீட்டில் என்ன சொல்வது

யாருக்கும் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்வதென்றால் ஒருவருக்குச் சொல்லுங்கள், அதுவும் சுருக்கமாக: ‘தூக்கத்துக்கும் டென்ஷனுக்கும் ஒருவரிடம் போய்வருகிறேன், வாரம் ஒரு மணி நேரம்.’ கணவனோ மனைவியோ, ‘உள்ளே என்னைப் பற்றி என்ன சொன்னாய்?’ என்று கேட்டால், ‘என்னைப் பற்றித்தான் பேசுகிறேன்’ என்பது போதும். பெரும்பாலும் அது உண்மையும்தான்.

வீட்டில் ஒருவர் போகிறார் என்றால் மற்றவர்கள் செய்யக்கூடியது, திரும்பி வந்ததும் விசாரணை வைக்காமல் இருப்பது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

நிறுத்தும் காலம் வரும்போது போன் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள், நம்மில் பலர் அப்படித்தான் முடிக்கிறோம். இரண்டு தடவைக்கு முன்பே சொல்லிவிட்டு, கடைசித் தடவையை அதற்கென்றே வையுங்கள். முதல் நாள் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். திரும்பக் குழம்பினால் முதலில் எது தெரியும், தூக்கமா, கோபமா, சாப்பாடா என்பதையும், அப்போது என்ன செய்தால் உதவியது என்பதையும் அவரோடு உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டுத் திகதியையும் அப்போதே குறித்துவிடுங்கள்.